மரக்கன்றுக்கு முன்னால் ஒரு கடிதம்

(புங்குடுதீவில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இப்படியான கூட்டம் முடியும்போது வந்தவர்களுக்கு மரக்கன்று கொடுப்பது வழக்கம். இன்றைக்கு வேண்டாம் என்று ஏற்பாட்டாளர்களிடம் கேட்டுக்கொண்டேன். மரத்தில் எனக்குக் கோபம் ஒன்றும் இல்லை. கார்த்திகையை மரநடுகை மாதமாகக் கொண்டாடுகிறோம்; மழை பெய்கிறது, குழி வெட்டுகிறோம், படம் எடுக்கிறோம். அந்தக் கன்று பங்குனி வெயிலில் யார் பொறுப்பில் நிற்கிறது என்று கேட்டால் பதில் இல்லை. அந்தப் பொறுப்பைப் பற்றித்தான் இன்றைக்குப் பேச வந்திருக்கிறேன்.

பாழ்பட்ட நிலத்தை மனிதன் கைவிட்டு ஒதுங்கினால், அது தானே காடாகித் தன்னைத் திருத்திக்கொள்ளும் என்ற கருத்து இன்று உலகமெங்கும் பேசப்படுகிறது. ஐரோப்பாவில் இதற்குக் கோடிக்கணக்கில் செலவிடுகிறார்கள். நாங்கள் ஒரு சதமும் செலவழிக்காமல் அந்தச் சோதனையைச் செய்து முடித்த ஊர்க்காரர்கள். 1990களின் தொடக்கத்தில் போரால் இந்தத் தீவு ஏறக்குறைய முழுவதுமாக வெறுமையானது. அடுப்பை அணைத்தார்கள், மாட்டின் கயிற்றை அறுத்துவிட்டார்கள், வள்ளம் ஏறினார்கள். யாழ்ப்பாணம், வன்னி, கொழும்பு, பிறகு ரொறன்ரோ, சூரிச், பாரிஸ், லண்டன். சிலர் சில வருடங்களில் திரும்பினார்கள், பெரும்பாலானோர் திரும்பவில்லை. பன்னிரண்டு வட்டாரத்திலும் இன்றைக்கும் ஆளிருக்கும் வீட்டைவிட ஆளில்லா வளவே அதிகம். முப்பது வருடத்துக்கு மேல் மனிதன் கைவைக்காத காணி இங்கே எத்தனையோ ஏக்கர் கிடக்கிறது. அப்படியென்றால் இங்கே அடர்ந்த காடு நிற்கவேண்டுமே? நிற்கிறதா?

மடத்துவெளியிலிருந்து குறிகட்டுவான்வரை பஸ்ஸில் போகும்போது யன்னலுக்கு வெளியே பாருங்கள். உடைமரப் பற்றை நிற்கிறது. வடலி நிறைய நிற்கிறது. அதைப் பார்க்க எனக்குச் சந்தோசம், ஏனென்றால் போர்க்காலத்தில் பதுங்குகுழிக்கும் காவலரணுக்குமாக வெட்டப்பட்ட பனைகளுக்குக் கணக்கே இல்லை. கூரை போன வீட்டுக்குள் ஆலும் வேம்பும் நிற்கின்றன. கீரி, உடும்பு, மயில் என்று உயிரினங்களும் உண்டு. ஆனால் பாலை எங்கே? வீரை எங்கே? வயல்வெளிகளில் உவர் பூத்து, உமரிகூட முளைக்காத வெட்டை எத்தனை? இடிந்து தூர்ந்த கிணறு எத்தனை? இந்த ஊரில் பெருங்காடு என்றொரு பகுதி இருக்கிறது. முப்பது வருடம் விட்டுப் பார்த்தும் அங்கேகூடப் பெரிய காடு வரவில்லை.

ஏன் வரவில்லை என்பதற்கு நிலத்தின் அடியில்தான் பதில் இருக்கிறது. கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள், இது பள்ளிக்கூடப் பாடம் போலத்தான் இருக்கும்.

எங்களுடையது சுண்ணாம்புக்கல் தீவு. மேலே மண் ஒரு முழமோ இரண்டு முழமோ, சில இடங்களில் ஒரு சாண். அதற்குக் கீழே துளையும் வெடிப்புமான கல். ஆறு கிடையாது, மலை கிடையாது. ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் பெய்யும் மழைதான் முழு வருடத்துக்குமான வரவு. அந்த மழை கல்லின் துளைவழியே இறங்கி, ஏற்கெனவே அங்கே நிறைந்திருக்கும் கடல்நீரின்மேல், தண்ணீரில் எண்ணெய் மிதப்பதுபோல மிதக்கிறது. இதைக் கணக்காக எழுதிவைத்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஒல்லாந்து இராணுவத்தில் பொறியியலாளராக இருந்த பாடன் கைபன். மற்றவர் 1901இல் எழுதிய ஜேர்மானியர் ஹெர்ஸ்பேர்க். கடல்நீர் நன்னீரைவிடக் கொஞ்சம்தான் பாரமானது, ஆயிரத்துக்கு இருபத்தைந்து பங்கு. அந்தச் சின்ன வித்தியாசத்தால், கடல்மட்டத்துக்கு மேலே ஓர் அடி நன்னீர் நின்றால் கீழே சுமார் நாற்பது அடிக்கு நன்னீர் நிற்கலாம் என்பது அவர்கள் கணக்கு. எங்கள் கல் ஓட்டை நிறைந்தது. நடைமுறையில் அவ்வளவு ஆழம் கிடைக்காது. ஆனால் அந்தக் கணக்கின் மறுபக்கம் மட்டும் பிசகாமல் வேலை செய்கிறது. மேலே ஓர் அடி குறைந்தால் கீழே உப்பு பல அடி ஏறிவிடும்.

எங்கள் முன்னோர் கைபனைப் படிக்கவில்லை. ஆனால் மழைநீர் கடலுக்கு ஓடுமுன் அதை மறித்து நிறுத்தக் குளமும் கேணியும் வெட்டினார்கள். வயல் வரம்பை உயர்த்திக் கட்டினார்கள். கடற்கரையோரம் உவர்நீர் ஏறாமல் அணை போட்டார்கள். துலாவில் இறைத்தார்கள்; மனிதன் மிதித்து இறைக்கும் வேகத்துக்குக் கிணறு ஈடுகொடுத்தது. வெள்ளாமை முடிந்ததும் வயலில் ஆட்டுப்பட்டி அடைத்தார்கள். பூவரசங்குழையையும் கூரையிலிருந்து கழித்த பழைய பனையோலையையும் மண்ணுக்குள் தாழ்த்தினார்கள். ஒரு சாண் மண் ஒரு முழம் மண்ணானது இப்படித்தான். இந்தத் தீவின் நல்ல மண்ணில் பாதி மனிதன் செய்த மண் என்று சொன்னால் அது மிகையல்ல.

அந்த மனிதன் போனதும் என்ன நடந்தது? குளம் தூர்ந்தது. தூர்ந்த குளத்தில் மழைநீர் தங்கவில்லை, வழிந்து கடலுக்குப் போனது. அணை உடைந்த இடத்தால் பெருக்கு நேரத்தில் கடல் உள்ளே வந்தது. நிலத்தடியில் உப்பு மேலே ஏறியது. உப்புநிலத்தில் முளைக்கக்கூடியது எதுவோ அதுதான் முளைத்தது. ஆகவே, மனிதன் விலகினால் இயற்கை திரும்பிவிடும் என்ற பேச்சு புங்குடுதீவுக்குப் பாதிதான் பொருந்தும். அமேசனில் பொருந்தலாம். கையால் செய்த நிலத்தில் கையை எடுத்துவிட்டால், மிஞ்சுவது காடாகவும் இருக்காது, வயலாகவும் இருக்காது.

ஒல்லாந்து என்றேன். எங்கள் தீவுக்கு மிடில்பேர்க் என்று பெயர் வைத்தவர்களும் அவர்கள்தான். நல்லவேளை, பெயர் ஒட்டவில்லை. நெடுந்தீவுக்கு மட்டும் டெல்ஃப்ற் ஒட்டிக்கொண்டது. அந்த ஒல்லாந்திலேயே நடந்த ஒரு கதையைச் சொல்லவேண்டும். 1968இல் கடலை இறைத்து எடுத்த நிலத்தில் ஊஸ்ற்வார்டர்ஸ்பிளாசன் என்று ஒரு சதுப்பு உருவானது. சொல்லிப் பழக நேரம் எடுக்கும், விட்டுவிடுங்கள். 1983இல் அங்கே மாடுகளையும், அடுத்த வருடம் கொனிக் என்ற குதிரைகளையும், 1992இல் செம்மான்களையும் விட்டார்கள். மனிதத் தலையீடு கூடாது, மேயும் விலங்குகளே நிலத்தை வடிவமைக்கட்டும் என்பது கொள்கை. விலங்குகள் பெருகின. சுற்றிவர வேலி. 2017, 2018 குளிர்காலத்தில் புல் இல்லாமல் மூவாயிரத்துக்கு மேற்பட்ட விலங்குகள் செத்தன. பெரும்பாலானவற்றை, பட்டினியில் துடிக்கவிடாமல் அதிகாரிகளே சுட்டார்கள். ஊர்ச்சனம் வேலிக்கு மேலால் வைக்கோல் எறிந்தது, தெருவில் இறங்கிப் போராடியது. கடைசியில் மாகாண அரசு எண்ணிக்கைக்கு வரம்பு வைத்தது.

இதைக் கேட்கும்போது உங்களுக்கு நெடுந்தீவுக் குதிரை ஞாபகம் வரும். போர்த்துக்கேயர் கொண்டுவந்து, ஒல்லாந்தர் வளர்த்து, பிறகு உரிமையாளர் இல்லாமல் காட்டுக் குதிரையாகிப்போன வம்சம். வறட்சி வருடங்களில் அவை குடிநீர் இல்லாமல் விழுந்து செத்த செய்திகளை வாசித்திருக்கிறோம். 2015இல் நெடுந்தீவில் 1,800 ஹெக்டேயருக்கு மேல் தேசியப் பூங்கா என்று வர்த்தமானியில் வந்தது. வர்த்தமானி தண்ணீர் ஊற்றாது. குதிரை குடிக்கும் தொட்டியை யார் நிரப்புவது, குளத்தை யார் தூர்வாருவது, அங்கே தலைமுறையாக மாடு மேய்த்தவனுக்கு என்ன உரிமை என்ற கேள்விகளுக்குத் திணைக்களமும் ஊரும் ஒரே மேசையில் இருந்துதான் பதில் காணவேண்டும். ஒல்லாந்தில் வேலிக்கு உள்ளே அறிவியல் நின்றது, வெளியே ஊர் நின்றது. அதுதான் அங்கே தவறு நடந்த இடம் என்பது என் கட்சி.

எங்களுக்கும் அப்படி ஒரு விலங்குப் பிரச்சினை உண்டு: கட்டாக்காலி மாடுகள். அறுத்துவிட்ட மாடுகளின் பேரப்பிள்ளைகள். ஒருபக்கம் முளைக்கும் கன்றையெல்லாம் கடிக்கின்றன. மறுபக்கம் இரவோடிரவாகக் களவாய்ப் பிடித்து இறைச்சியாக்குகிறார்கள். மாட்டை விரோதி என்று நான் சொல்லமாட்டேன். பனம்பழத்தைத் தின்று கொட்டையைக் கொண்டுபோய் வேறிடத்தில் போடுவது மாடு; இந்த வடலியில் ஒரு பங்கு மாடு நட்டது. முன்பு விதைப்புக் காலத்தில் மாடு மேய்ச்சல் தரவைக்குப் போகும், அறுவடை முடிந்தால் வயலுக்கு வரும். எந்த மாதம் மாடு எங்கே நிற்கவேண்டும் என்பது எழுதாத சட்டம். தரவை எல்லோருக்கும் பொது. இன்றைக்குத் தரவையில் யாருக்கு என்ன உரிமை என்று கேட்டால் நாலு பேர் நாலு விதமாகச் சொல்வார்கள். கம்பிவேலி அடித்துக் கன்று காப்பதற்கு ஆகும் பணத்தில் பாதியைக் கொடுத்து, மாடு மேய்க்க இரண்டு பேரை வைத்தால் கன்றும் பிழைக்கும், மாடும் பிழைக்கும்.

இனி நடுகையைப் பற்றிக் கொஞ்சம். சுனாமிக்குப் பிறகு இலங்கைக் கரையெங்கும் கண்டல் நட்டார்கள். நட்டதெல்லாம் என்ன ஆனது என்று இலங்கை ஆய்வாளர்களும் பெல்ஜிய ஆய்வாளர்களும் சேர்ந்து போய்ப் பார்த்து 2017இல் எழுதினார்கள். ஆயிரம் முதல் ஆயிரத்து இருநூறு ஹெக்டேயரில் நட முயன்றதில் இருநூறுக்குச் சற்று மேல்தான் பிழைத்தது. பார்த்த 23 இடங்களில் ஒன்பதில் ஒரு கன்றுகூட இல்லை. காரணங்கள் எளிமையானவை: பொருந்தாத இடம், பொருந்தாத இனம், நட்ட பிறகு யாரும் போய்ப் பார்க்காமை, மாடு மிதித்தது. அதற்குப் பிறகு நாடு பாடம் படித்தது. இலங்கையின் கண்டல் மீட்பு முயற்சியை 2024இல் ஐக்கிய நாடுகள் சபை உலக முன்னோடித் திட்டங்களில் ஒன்றாக அறிவித்தது. எங்கள் கரைக்கு இதில் உள்ள செய்தி ஒன்றுதான். எங்கள் தீவுக்கு வரும் கடல்வழித் தாம்போதியின் இரண்டு பக்கமும் நீரோட்டம் இருந்தால், கண்ணா என்ற கண்டல் தானே விதை போட்டுத் தானே முளைக்கும். மதகு அடைபட்டுக் கிடந்தால் பத்தாயிரம் கன்று நட்டாலும் பட்டுப்போகும். வாணர் சகோதரர்களின் முயற்சியால் எங்களுக்குத் தாம்போதி கிடைத்தது. அவர்கள் பெயரையே வைத்து நன்றி சொல்லிவிட்டோம். அதன் மதகுகளைத் துப்புரவாக வைத்திருப்பதும் நன்றிதான்.

நடாமல் எதுவும் வராது என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நட்டால் போதாது என்கிறேன். பாக்குநீரிணைக்கு அந்தப் பக்கம் புதுச்சேரிக்கு அருகே ஓரோவில் என்ற குடியேற்றம் இருக்கிறது. 1968இல் அது தொடங்கியபோது அந்த மேட்டுநிலம் செம்மண் அரித்து ஓடிய வெறும் பொட்டல். மழை பெய்தால் மண் சிவப்பாகக் கடலுக்கு ஓடும். அங்கே போனவர்கள் தொடக்கத்திலேயே ஒன்றைப் புரிந்துகொண்டார்கள்: ஓடும் தண்ணீரை நிறுத்தாமல் மரம் நிற்காது. வரப்புப் போட்டார்கள், ஓடைகளுக்குக் குறுக்கே தடுப்பணை கட்டினார்கள். வேகமாக வளரும் அவுஸ்திரேலிய அக்கேசியாவை நிழலுக்காக நட்டார்கள். நிழலும் இலைமக்கும் கிடைத்த பிறகுதான் அந்த மண்ணுக்குரிய மரங்களைக் கொண்டுவந்தார்கள். விதை எங்கே கிடைத்தது? சுற்றுக் கிராமங்களின் கோயிற்காடுகளில். அய்யனாருக்குப் பயந்து யாரும் வெட்டாமல் விட்ட மரங்களில். பாலையும் வீரையும் நாவலும் கொன்றையும் சேர்ந்த அந்த உலர்வலயப் பசுங்காடு கடலுக்கு இந்தப் பக்கமும் உரியது. எங்கள் கோயில் வீதிகளில் நிற்கும் இலுப்பையும் மருதும் வெறும் நிழல்மரங்கள் என்று நினைக்காதீர்கள். விதைக்கு அலையவேண்டியதில்லை, ஒவ்வொரு கோயில் தர்மகர்த்தாவும் வீதி கூட்டும்போது விதையைக் குப்பையோடு எரிக்காமல் எடுத்துவைத்தாலே போதும்.

கோயில் என்று வந்ததால் ஒன்றைச் சொல்லாமல் தாண்ட எனக்கு மனம் வரவில்லை. ஊர் சேர்ந்து பராமரிக்கவேண்டும், ஊர் சேர்ந்து காக்கவேண்டும் என்று பேசுவது சுகமாக இருக்கிறது. ஊர் என்றால் யார்? இந்த மண்ணில் பிறந்த எழுத்தாளர் மு. தளையசிங்கம் 1971இல் அந்தக் கேள்வியைத் தண்ணீரை வைத்தே கேட்டார். ஆலயத்து நன்னீர்க் கிணற்றில் ஒடுக்கப்பட்ட மக்கள் தண்ணீர் அள்ளும் உரிமைக்காகச் சத்தியாக்கிரகம் செய்தார். கைது செய்யப்பட்டார், பொலிசாரால் தாக்கப்பட்டார். 1973இல், நாற்பது வயது நிரம்புமுன் காலமானார். இலக்கியக் கூட்டங்களில் அவருடைய 'மெய்யுள்' என்ற எழுத்தைப் பற்றிப் பேசுகிறோம், கிணற்றைப் பற்றி மெதுவாகப் பேசுகிறோம். நல்ல தண்ணீர் குறைவான தீவில், தண்ணீரைப் பங்கிடும் முறைதான் ஊரின் உண்மையான சட்டம். இனிமேல் குளத்துக்கோ தரவைக்கோ ஒரு பராமரிப்புக் குழு அமைத்தால், அந்தக் குழுவில் காணி உள்ளவர்கள் மட்டும் இருந்தால் அது பழைய கிணற்றடிதான். மாடு மேய்ப்பவர், கூலிக்குத் தோட்டம் செய்பவர், கரைவலை இழுப்பவர், தண்ணீர்க்குடம் சுமக்கும் பெண்கள் எல்லோரும் அதில் இருக்கவேண்டும்.

தண்ணீர் என்றதும் இன்னொன்றும் சொல்லவேண்டும்: யாழ்ப்பாணத்துத் தாளையடியில் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் 2024இல் திறக்கப்பட்டது. குழாய்த் தண்ணீர் வருவதை நான் வரவேற்கிறேன். பவுசருக்குக் காத்திருந்த தாய்மாருக்கு அதன் அருமை தெரியும். என் பயம் வேறு. குழாய் வந்ததும் கிணறு யாருக்கும் தேவைப்படாது. தேவைப்படாத கிணற்றில் குப்பை விழும், மலக்குழி அருகே வரும். குடத்துக்குத் தண்ணீர் குழாயில் வரலாம். பாலைமரத்துக்கும் பசுவுக்கும் தவளைக்கும் குழாய்த் தண்ணீர் வராது.

இனி, எல்லோரும் பேசத் தயங்கும் இடத்துக்கு வருகிறேன்: காணி உறுதி.

இந்தத் தீவில் எந்த நல்ல வேலை தொடங்கினாலும் நாலாவது நாளில் ஒரு தொலைபேசி வரும். "ஆரைக் கேட்டு எங்கட காணிக்குள்ள இறங்கினீங்கள்?" கேட்பவருக்கு உரிமை இருக்கிறது. ஒரு வளவைக் காட்டுங்கள். உறுதி பாட்டாவின் பெயரில் இருக்கும். ஒரு பங்கு பெரியம்மாவுக்குச் சீதனம், மிச்சம் முதுசம். பங்காளிகளில் ஒருவர் கனடாவில், ஒருவர் சுவிசில், ஒருவரைப் பற்றித் தகவல் இல்லை. பிரிபடாத பதினாறு பரப்புக்கு இருபது சொந்தக்காரர். வெட்டை நடுவே உள்ள குளத்துக்கு வரும் வாய்க்கால் அந்த வளவுக்கூடாகப் போகிறது. அது அடைபட்டால் குளம் நிறையாது. வாய்க்காலைத் துப்புரவாக்க ஆளும் உண்டு, பணமும் உண்டு. கையெழுத்துப் போட ஆள் இல்லை.

அந்தத் தயக்கத்துக்குக் காரணம் பயம். இன்னொருவரைக் காணிக்குள் விட்டால், பத்து வருடம் ஆட்சி செய்துவிட்டு அது தன்னுடையது என்று வழக்குப் போடுவாரோ என்ற பயம். எங்கள் நாட்டுச் சட்டத்தில் அப்படி ஓர் ஏற்பாடு உண்டு, பயம் பொய்யல்ல. போரால் திரும்பிவர முடியாதவர்களுக்காக 2016இல் 5ஆம் இலக்க விசேடச் சட்டம் கொண்டுவந்தார்கள். 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தை அவர்களுக்கு எதிராக எண்ணக்கூடாது என்றார்கள். ஆனால் 2009க்குப் பிறகு ஓடிய வருடங்களை யாரும் நிறுத்திவைக்கவில்லை. பத்து வருடம் 2019இலேயே கடந்துவிட்டது.

வெளிநாட்டிலிருந்து வந்திருப்பவர்கள் தயவுசெய்து இதைக் கவனியுங்கள். பத்து வருட ஆட்சி என்ற வாதம் நிற்க, அந்த ஆட்சி உங்கள் உரிமைக்கு எதிரானதாக இருக்கவேண்டும். நீங்கள் அனுமதி கொடுத்து, அந்த அனுமதியின் பேரில் ஒருவர் காணிக்குள் நிற்கிறார் என்றால் அது எதிரான ஆட்சி அல்ல. ஆகவே எழுதிக் கொடுத்தால் காணி போய்விடும் என்று நீங்கள் பயப்படுவது தலைகீழ்ப் பயம். எழுதாமல், கேட்காமல், முப்பது வருடம் பூட்டிவைத்திருப்பதில்தான் ஆபத்து அதிகம். இத்தனை வருடத்துக்கு, இந்த வேலைகளுக்கு மட்டும், நான் கேட்கும்போது திருப்பித் தருவதாக இந்த ஊர்க்குழுவை அனுமதிக்கிறேன் என்று ஒரு தாள் போதும். குழு வாய்க்கால் வெட்டலாம், வடலி காக்கலாம், கிணற்றைத் துப்புரவாக்கலாம். கட்டடம் கட்டமுடியாது, விற்கமுடியாது, பனை வெட்டமுடியாது. உறுதியின் பிரதி கிராம அலுவலரிடம் போகவேண்டாம், அனுமதிக் கடிதத்தின் பிரதி போகட்டும். குளம் கமநல சேவைகள் நிலையத்தின் பொறுப்பில் இருந்தால் அவர்களையும் கமக்காரர் அமைப்பையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தெரு, மதகு, கட்டாக்காலி மாடு ஆகியவற்றுக்குப் பிரதேச சபை இருக்கிறது.

சங்கங்களுக்கும் ஒரு சொல். இந்தத் தீவுக்கு உலகத்தில் எத்தனை நகரங்களில் சங்கம் இருக்கிறதோ அத்தனை நன்மையும் வந்திருக்கிறது. பள்ளிக்கூடக் கட்டடங்களும் கோயில் கோபுரங்களும் சாட்சி. கட்டடத்துக்குக் காசு சேர்ப்பது சுலபம், திறப்புவிழாவில் கல்லில் பெயர் பொறிக்கலாம். குளத்தின் அடியில் பெயர் பொறிக்கமுடியாது. மேய்ப்பனின் மாதச் சம்பளத்தில் யாருடைய படமும் வராது. ஆனாலும் ஒரு கோபுரத்தின் மேல்தட்டுக்கு ஆகும் செலவில் ஒரு வட்டாரத்தின் வாய்க்கால்களைப் பல வருடம் பராமரிக்கலாம். தெய்வம் கோபிக்காது என்று நினைக்கிறேன்.

மாணவர்களுக்கு ஒரு வேலை வைத்திருக்கிறேன். வருகிற ஐப்பசி மழைக்கு முன்னால், வட்டாரம் வட்டாரமாகக் கிணறுகளையும் கேணிகளையும் கணக்கெடுங்கள். எது நன்னீர், எது சவர், எது தூர்ந்தது, வளவு யாருடையது என்று ஒரு கொப்பியில் எழுதுங்கள். மழைக்கு முன் ஒருமுறை, தைமாதம் ஒருமுறை, ஆவணியில் ஒருமுறை உப்பு அளந்து அதே கொப்பியில் குறியுங்கள். அளக்கும் கருவி பெரிய விலையில்லை, பள்ளிக்கூட ஆய்வுகூடத்திலேயே வைத்திருக்கலாம். ஐந்து வருடம் அப்படி எழுதினால், எந்தக் குளத்தைத் தூர்வாரினால் எத்தனை கிணறு மாறுகிறது என்று இந்த ஊருக்கே தெரியும். வெளியிலிருந்து யாரும் வந்து சொல்லவேண்டியதில்லை.

விடுமுறை முடிந்து போகிறவர்களிடம் ஒரேயொரு வேண்டுகோள். பங்காளிகளோடு வாட்ஸப்பில் சண்டை பிடிப்பதை ஒரு வாரம் நிறுத்திவையுங்கள். யாழ்ப்பாணத்தில் ஒரு சட்டத்தரணியைப் பாருங்கள், நான் சொன்னதைச் சரிபாருங்கள். உங்கள் பங்குக்கு உரிய அனுமதிக் கடிதத்தை எழுதி, பக்கத்து வளவில் இன்னும் குடியிருக்கும் மனிதரின் கையில் கொடுத்துவிட்டு விமானம் ஏறுங்கள்.